பழவேற்காட்டுக் காப்பி!

சென்னை மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டி போகிற லோக்கல் ரயிலில் சாயங்காலம் எப்போதாவது ஏறியிருக்கிறீர்களா? எண்ணூர் வரைக்கும் ஒற்றைக் காலில் தவம். மீஞ்சூரில் கொஞ்சம் மூச்சு விடலாம். அங்கே உட்கார இடம் கிடைத்துவிட்டால், அன்றைக்கு நீங்கள் நரி முகத்தில் விழித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்!

எனக்கு ஒருநாள் கிடைத்தது. பக்கத்து ஸீட்டில் இருபத்திரண்டு வயசு மதிக்கத்தக்க ஓர் இளைஞர். சிப்காட் கம்பெனி ஒன்றின் யூனிஃபார்ம் சட்டை. அடையாள அட்டையை மடித்துப் பையில் செருகியிருந்தார். கையில் செல்போன். சினிமா பார்க்கவில்லை, ரீல்ஸ் தள்ளவில்லை. வரைந்துகொண்டிருந்தார். வைக்கோல் தொப்பி, கண்ணுக்குக் கீழே தழும்பு, காது வரை சிரிப்பு... 'ஒன் பீஸ்' தொடரின் லூஃபி! ஐய்ச்சிரோ ஓடா என்கிற ஜப்பான்காரர் 1997-லிருந்து வரைந்துகொண்டிருக்கும் கடற்கொள்ளைக்காரப் பையன். என் வீட்டுப் பிள்ளைகள் புண்ணியத்தில் எனக்கும் அறிமுகம்.

ஒரு கண்ணைப் பெரிசுபடுத்தி, இமைக் கோட்டை இழுக்கிறார். பிடிக்கவில்லை. பின்னால் போகும் அம்புக்குறியைத் தட்டி அழிக்கிறார். மறுபடி இழுக்கிறார். மறுபடி அழிக்கிறார். நந்தியம்பாக்கத்தில் கவனிக்க ஆரம்பித்தேன். அனுப்பம்பட்டு வந்தும் அதே இமை!

"சூப்பரா இருக்கே தம்பி... விட்டுட வேண்டியதுதானே?" என்றேன்.

"இல்ல சார், உயிர் வரலை" என்றவர், கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். "ஃபேன் ஆர்ட் சார் இது. காப்பிதானேடான்னு ஃபிரெண்ட்ஸ் கலாய்க்கிறாங்க. இப்ப ஏ.ஐ. வேற வந்துடுச்சு. பத்து செகண்ட்ல போட்டுத் தள்ளுது. அப்புறம் நான் எதுக்கு சார் மெனக்கெட்டுக் கத்துக்கணும்?"

நான் பி.காம். படித்தவன். வரவு, செலவு, தேய்மானம் என்றால் ஏதாவது சொல்வேன். இதற்கு என்ன சொல்ல? 'படையப்பா' வந்த 1999-ல் காஸ்ட் அக்கவுன்டிங் நோட்டின் ஓரத்தில் ரஜினி வரைந்து மாட்டிக்கொண்ட சரித்திரம் எனக்கும் உண்டு. என் ரஜினியைப் பார்த்த புரொபஸர், "யாருப்பா இது, உங்க தாத்தாவா?" என்று கேட்டார். அத்தோடு என் கலைவாழ்வு முடிந்தது.

ஆனால், ஒரு தற்செயலைப் பாருங்கள். பொன்னேரியில் இறங்கி, மறுநாள் காலை பஸ் பிடித்துப் பழவேற்காடு போவதுதான் என் திட்டம். அந்தத் தம்பி கேட்ட கேள்விக்கு நானூறு, ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு பதில், அதே திருவள்ளூர் மாவட்டத்தின் கடற்கரையில்தான் கிடக்கிறது.

பழவேற்காடு என்றதும் இன்றைக்கு நமக்கு என்ன ஞாபகம் வரும்? ஏரி, பூநாரை, இறால், படகு. பதினாறாம் நூற்றாண்டில் உலகத்துக்கு ஞாபகம் வந்தது வேறு. துணி! சாதாரணத் துணியல்ல... சித்திரம் எழுதிய துணி. 1518 வாக்கில் எழுதிய துவார்த்தே பார்போசா என்ற போர்ச்சுக்கீசியர், இங்கே தயாராகும் வண்ணச் சித்திரத் துணிகளுக்கு மலாக்காவிலும் பெகுவிலும் சுமத்ராவிலும் ஏக கிராக்கி என்று குறித்து வைத்திருக்கிறார். குஜராத்துக்கும் மலபாருக்கும்கூடப் போயிருக்கிறது.

அடுத்து வந்த டச்சுக்காரர்கள் கெட்டிக்கார வியாபாரிகள். இந்தோனேஷியத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க வேண்டும். வெள்ளியை நீட்டினால் தீவுக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சோழமண்டலக் கரையின் துணியைக் காட்டினால், 'உள்ளே வா' என்றார்கள். டச்சுக்காரர்களுக்குப் புரிந்துவிட்டது. 1613-ல் பழவேற்காட்டில் 'கெல்டிரியா' கோட்டையைக் கட்டி முடித்து உட்கார்ந்துவிட்டார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு இடம் மாறும் வரை, சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையகம் பழவேற்காடுதான். (பிற்காலத்தில் கட்டம் போட்ட கைக்குட்டைக்கு இங்கிலீஷில் 'புலிக்காட்' என்றே பெயர் விழுந்துவிட்டது. ஊர் பெயர் கைக்குட்டையான கதை!)

சரி, அந்தச் சித்திரத் துணியை எப்படித்தான் எழுதினார்கள்?

இங்கேதான் நம் லோக்கல் ரயில் தம்பி நிமிர்ந்து உட்கார வேண்டும். 1742-ல் கேர்து என்கிற பிரெஞ்சுப் பாதிரியார், இந்தக் கரையின் துணி ஓவியர்களிடம் கேட்டு, தொழில் ரகசியத்தை அப்படியே கடிதமாக எழுதி பிரான்ஸுக்கு அனுப்பினார். பச்சையாகச் சொன்னால், தொழில் உளவு! அதைப் படித்தால் தெரியும்... ஓவியர் துணியில் நேரடியாக வரைவதில்லை. முதலில் காகிதத்தில் படம். படத்தின் முக்கியக் கோடுகள் மேல் ஊசியால் பொடிப்பொடியாகத் துளைகள். அந்தக் காகிதத்தைத் துணி மேல் விரித்து, கரித்தூள் கட்டிய சின்ன மூட்டையால் தட்ட வேண்டும். காகிதத்தை எடுத்தால் துணியில் புள்ளிப் புள்ளியாக உருவம் இறங்கியிருக்கும். அதற்கு மேல்தான் கலம் ஓடும்.

அதாவது காப்பி!

ஒரே துளைக் காகிதத்தை வைத்துப் பத்துத் துணிக்குத் தட்டலாம். மாதிரிப் படமே பல சமயம் ஓவியருடையது கிடையாது. கம்பெனிக்காரர்கள் ஐரோப்பாவிலிருந்து அனுப்பிவைத்தது. கண்ணால் காணாத பூ, கேள்விப்படாத மரம், தொப்பியும் குப்பாயமும் போட்ட ஆள் எல்லாவற்றையும் அச்சு அசலாக எழுதிக் கொடுத்தார்கள்.

அச்சு அசலாகவா? அங்கேதான் விஷயம். நியூயார்க்கின் புரூக்ளின் மியூசியத்தில் சோழமண்டலக் கரையில் எழுதப்பட்ட ஒரு பெரிய திரைச்சீலை இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்ககாலம். ஏழு பாகங்கள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு தேசத்து மனிதர்கள். தொப்பி வைத்த ஐரோப்பியர்களும் உண்டு. இணையத்தில் தேடிப் பாருங்கள். உடுப்பு ஐரோப்பா, நிற்கிற நிலையும் ஐரோப்பா. ஆனால் அந்தக் கண்! நம் கோயில் விதானத்துச் சித்திரத்தில் பார்க்கிற நீளக் கண். துளைக் காகிதம் ஆளை எங்கே நிறுத்த வேண்டும் என்று மட்டும்தான் சொல்லும். கண்ணுக்குள் எப்படிக் கோடு வளைய வேண்டும் என்பது கைக்குத்தான் தெரியும்.

கலம் என்றேன் இல்லையா? கூராகச் சீவிய மூங்கில் குச்சி. கொஞ்சம் மேலே கம்பளியோ துணியோ சுற்றி நூலால் இறுக்கியிருப்பார்கள். சாயத்தை அது குடித்து வைத்துக்கொள்ளும். விரலால் லேசாக அழுத்தினால் மெல்லிய கோடு. இன்னும் அழுத்தினால் தடித்த கோடு. இன்றைக்கு டிஜிட்டல் பேனா விற்கிறவர்கள் 'ஆயிரக்கணக்கான அழுத்த நிலைகள்' என்று விளம்பரம் செய்கிறார்களே... அதேதான், பேட்டரி இல்லாமல்!

வண்ணங்களுக்கும் வரிசை உண்டு. கடுக்காயும் எருமைப்பாலும் ஏற்றிய துணி. பால் எதற்கு? அதிலிருக்கும் கொழுப்பு, சாயம் ஊறிப் பரவாமல் பிடித்துக்கொள்ளும். முதலில் இரும்புத் துருவும் வெல்லமும் ஊறவைத்த நீரால் வெளிக்கோடு. கடுக்காயில் பட்டதும் அது கறுக்கும். சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகாரத்தால் எழுதிவிட்டு, சாயவேர் போட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகு பூசிவிட்டு அவுரித் தொட்டியில் முக்கல். மஞ்சள் கடைசியில். ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு சுற்று. ஒன்றின் மேல் ஒன்று. செல்போன் ஓவியர்கள் 'லேயர், லேயர்' என்று சொல்வது வேறென்ன?

ஒரே வித்தியாசம், அந்த அம்புக்குறி அவர்களுக்கு இல்லை. இரும்பு மை கறுத்தால் கறுத்ததுதான். அதனால்தான் அந்த நிதானம். டேனியல் ஹாவார்ட் என்ற டச்சுக் கம்பெனி ஊழியர் 1693-ல் வெளிவந்த தன் புத்தகத்தில், ஆந்திரக் கரையின் பாலகொல்லு ஓவியர்களைப் பற்றி எழுதும்போது நத்தையை உவமை சொல்கிறார். நகர்கிற மாதிரியே தெரியாதாம். பொறுமை என்ற குணத்தைப் படமாக்க வேண்டுமென்றால் இவர்களில் ஒருவரை உட்காரவைத்து வரைந்தாலே போதும் என்கிறார். மீஞ்சூர் தாண்டியும் முடியாத அந்த இமைக் கோடு எனக்கு ஞாபகம் வந்தது.

இவ்வளவு உழைத்தவர்களுக்கு என்ன கிடைத்தது? என் புத்தி அங்கேதானே போகும். கம்பெனி, வியாபாரிக்கு முன்பணம் கொடுக்கும். வியாபாரி, நெசவாளிக்கும் ஓவியருக்கும் கொடுப்பார். துணி கைமாறக் கைமாற விலை ஏறும். ஏணியின் கீழ்ப்படியில் நின்றவருக்குக் கூலி. பெயர்? ம்ஹூம். புரூக்ளின் திரைச்சீலையை எழுதியவர் யாரென்று யாருக்கும் தெரியாது.

அப்புறம் நடந்தது ஐரோப்பாவின் காப்பி. நம் துணிக்கு அங்கே பைத்தியமாய் அலைந்தார்கள். பிரான்ஸ் 1686-ல் தடை போட்டது. இங்கிலாந்து 1700-லும் 1721-லும் சட்டம் கொண்டுவந்தது. 1719-ல் லண்டன் நெசவாளிகள் தெருவில் இறங்கி, இந்தியத் துணி உடுத்திப் போன பெண்களின் ஆடையைக் கிழித்தே விட்டார்கள்! தடை ஒருபக்கம், திருட்டுத்தனமாகக் கற்பது மறுபக்கம். 1752-ல் அயர்லாந்தில் செப்புத் தகட்டில் துணி அச்சு. 1783-ல் தாமஸ் பெல் உருளை அச்சுக்குக் காப்புரிமை வாங்கினார். நத்தை எழுதியதை உருளை ஓடிக்கொண்டே அச்சடித்தது. சோழமண்டலக் கரையின் கலம் மெல்ல மெல்லக் கீழே விழுந்தது. முழுக்கச் சாகவில்லை. பக்கத்தில் காளஹஸ்தியில் இன்றும் மூங்கில் கலத்தால் எழுதுகிறார்கள். அங்கே நலிந்துகொண்டிருந்த தொழிலுக்கு 1950-களில் கமலாதேவி சட்டோபாத்யாய முயற்சியில் பயிற்சி நிலையம் வந்து உயிர் கொடுத்தது.

பழவேற்காட்டில்? டச்சுக் கல்லறைத் தோட்டம் பத்திரமாக இருக்கிறது. தொல்லியல் துறை பாதுகாக்கிறது. வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் காவல். உள்ளே வியாபாரிகளின் பெயர்கள், பட்டங்கள், குலச் சின்னங்கள், அத்தனையும் துல்லியமாக. வாங்கியவன் பெயர் கல்லில். எழுதியவன் பெயர் காற்றில். வெயிலில் நின்று அதைப் பார்த்தபோது, ஒரு பக்கம் மட்டும் பதிந்த கணக்குப் புத்தகத்தைப் புரட்டுகிற மாதிரி இருந்தது எனக்கு.

இப்போது மறுபடி ரயிலுக்கு வருவோம். "யார்கிட்ட தம்பி கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டிருந்தேன்.

"யூ டியூப்தான் சார். ஆனா மொதல்ல எங்க பெரியப்பா. திருவள்ளூர்ல தியேட்டருக்கு பேனர் எழுதினவரு. கட்டம் போட்டுப் பழகுடான்னு அவருதான் சொல்லிக் கொடுத்தாரு."

கட்டம்! தமிழ்நாட்டின் மகா பெரிய ஃபேன் ஆர்ட் எது என்று கேட்டால் நான் சினிமா பேனரைத்தான் சொல்வேன். கையகல ஸ்டில் போட்டோவில் பென்சிலால் கட்டங்கள். இருபதடித் துணியில் அதே எண்ணிக்கையில் சாக்பீஸ் கட்டங்கள். மூன்றாவது கட்டத்தில் மூக்கு என்றால், அங்கேயும் மூன்றாவது கட்டத்தில் மூக்கு. பழவேற்காட்டுத் துளைக் காகிதத்தின் பங்காளி. உதவியாளர்கள் பின்னணி பூசுவார்கள், எழுத்துப் போடுவார்கள். முகத்தை மட்டும் தொடக்கூடாது. அது குருவின் பேட்டை. கன்னத்தில் ரோஸ், தாடைக்குக் கீழே நீலம், நெற்றி ஓரம் பச்சை... கிட்டத்தில் பார்த்தால் கண்றாவி. ரோட்டின் எதிர்ப்பக்கம் போய் நின்றால் எம்.ஜி.ஆர். சிரிப்பார்!

அவர்களும் காப்பியில் தொடங்கியவர்கள்தான். காலண்டர் சாமிகளின் பிரம்மாவான கோவில்பட்டி கொண்டையராஜுவை (1898 - 1976) எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதி, பிறகு கோவில்பட்டியில் தங்கியவர். அவரும் சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் சிவகாசி அச்சில் ஏறி நம் பூஜை அறைக்கு வந்தார்கள். எத்தனையோ பையன்கள் அந்தக் காலண்டரைப் பார்த்துப் பார்த்து வரைந்து ஓவியரானார்கள். வடக்கே எம்.எஃப்.ஹுசைன்கூட 1930-களில் பம்பாயில் சினிமா பேனர் எழுதியவர்தான். இந்தத் தொழிலை உள்ளிருந்து பார்த்து எழுதியவர் என்று கோவை ஓவியர் ஜீவாவைச் சொல்லலாம். அவருடைய 'திரைச்சீலை' நூல், 2010-ம் ஆண்டின் சிறந்த சினிமா புத்தகத்துக்கான தேசிய விருதை வாங்கியது.

அப்புறம் ஃப்ளெக்ஸ் வந்தது. 2000-க்குப் பிறகு சில வருஷங்கள். அவ்வளவுதான்! ஒரு வாரம் எழுத வேண்டியதை மெஷின் மதியச் சாப்பாட்டுக்குள் துப்பிவிடும். சதுர அடிக்குச் சில ரூபாய். ரோஸ் கன்னமும் நீலத் தாடையும் காணாமல் போய், போட்டோவே இருபதடிக்கு நின்றது. மலிந்ததும் கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் ஃப்ளெக்ஸ். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் போன ஓர் இளம்பெண் மேல் அப்படியொரு பேனர் விழுந்து, அவர் உயிரே போனது. அதன் பிறகுதான் நமக்கு உறைத்தது.

"பெரியப்பா இப்ப என்ன பண்றாரு?" என்றேன்.

"நம்பர் பிளேட் எழுதினாரு சார். அதுக்கும் ஸ்டிக்கர் வந்துடுச்சு. இப்ப வீட்லதான்."

உருளை அச்சு வந்தபோது ஒரு கை வேலை இழந்தது. ஃப்ளெக்ஸ் வந்தபோது ஒரு கை. இப்போது ஏ.ஐ. 2025 மார்ச்சில் உங்கள் வாட்ஸ் அப்பிலும் பார்த்திருப்பீர்கள். ஊரே 'கிப்லி' படமாக மாறிற்று. ஜப்பானின் ஸ்டூடியோ கிப்லி பல வருஷங்கள் கையால் வரைந்து வளர்த்த பாணி, ஒரே வாரத்தில் எல்லோர் டி.பி.யிலும். அந்தத் தம்பியின் பயம் வீண் பயம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கம்பெனிக்குப் படம் வேண்டும் என்றால் மலிவான வழியைத்தான் தேடும். பழவேற்காட்டில் அதுதான் நடந்தது, திருவள்ளூரிலும் அதுதான் நடந்தது.

ஆனால் 'காப்பிதானே' என்று கலாய்த்த ஃபிரெண்ட்ஸ் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஜப்பானின் மாங்கா உலகுக்குப் பிதாமகர் ஒஸாமு தெஸுகா. டிஸ்னியின் 'பாம்பி'யைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர். பாம்பியையும் பினோக்கியோவையும் தானே மாங்காவாக வரைந்தவர். அவருடைய ஆஸ்ட்ரோ பாயின் பெரிய கண்ணுக்குப் பின்னால் டிஸ்னியின் கண் இருக்கிறது. இன்று கும்மிடிப்பூண்டி வரை வந்திருக்கும் அனிமே கண்ணுக்கும் அதுதான் கொள்ளுத்தாத்தா. 1975 டிசம்பரில் டோக்கியோவில் ரசிகர்கள் தாங்களே வரைந்ததை விற்க ஒரு சந்தை கூட்டினார்கள். 32 குழுக்கள், சுமார் 700 பேர். 'காமிகெட்' என்ற அந்தச் சந்தைக்கு இப்போது லட்சக்கணக்கில் கூட்டம். பெரிய மாங்கா ஓவியர்கள் பலர் அங்கிருந்து கிளம்பியவர்கள்.

அவ்வளவு தூரம் எதற்கு? 1950-ல் 'கல்கி'யில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியது. ஓவியர் மணியம் வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் முகம் கொடுத்தார். அன்றிலிருந்து அந்தக் குந்தவை கொண்டையைப் பார்த்து வரையாத ஓவிய ஆசைக்காரர் தமிழ்நாட்டில் உண்டா? பத்மவாசன், மணியத்தின் மகன் ம.செ. என்று அடுத்தடுத்த தலைமுறையும் தத்தம் கையால் வரைந்தது. 2022-ல் படம் வந்தபோது இணையம் முழுக்கப் பொடிசுகள் டிஜிட்டலில் வரைந்து குவித்தார்கள். ஒரு குந்தவை போல இன்னொரு குந்தவை இல்லை! (ஒரு எச்சரிக்கை. பழக வரைவது வேறு, விற்க வரைவது வேறு. இன்னொருவர் உருவாக்கிய கேரக்டரை டீ-ஷர்ட்டில் போட்டு விற்றால் காப்புரிமைச் சட்டம் கதவைத் தட்டலாம். நம் நாட்டில் படைத்தவர் காலத்துக்குப் பிறகும் 60 வருஷம் உரிமை உண்டு.)

தம்பி இன்னொன்றும் காட்டினார். லூஃபிக்குப் பக்கத்தில் தலை பெருத்த ஒரு குட்டி லூஃபி. "இது சிபி சார். உடம்பு மொத்தமே ரெண்டு தலை, மூணு தலை உயரம்தான். ஹீரோன்னா எட்டுத் தலை." ஆண்ட்ரூ லூமிஸ் என்ற அமெரிக்கர் 1943-ல் எழுதிய புத்தகத்தின் கணக்கு இது. இன்றைய யூ டியூப் வாத்தியார்களின் பைபிள்.

நம் ஸ்தபதிகளைக் கேட்டால் சிரிப்பார்கள். அவர்களிடம் 'தாலம்' இருக்கிறது. முடி தொடங்கும் இடத்திலிருந்து முகவாய் வரை ஒரு தாலம், அது 12 அங்குலம். (இஞ்ச் அல்ல. சிலைக்குச் சிலை மாறும் அளவு.) பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாலம், மொத்தம் 124 அங்குலம். நவதாலம் என்றால் 108. நம் பிள்ளையாருக்கு ஐந்து தாலம். பூதகணங்களுக்கு இன்னும் குறைவு. கோயில் தூணில் தொந்தியோடு இளிக்கிறதே பூதம், அதுதான் நம் ஊர் சிபி! இதைச் சொன்னதும் தம்பி முகத்தைப் பார்க்க வேண்டுமே. "செம்ம சார்!" என்று போனிலேயே குறித்துக்கொண்டார்.

இந்தப் பேச்சில் பொன்னேரியைக் கோட்டைவிட்டேன். கவரைப்பேட்டையும் போனது. சரி, கும்மிடிப்பூண்டி போய்த் திரும்பிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். அவருக்கு நைட் ஷிஃப்ட்.

கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஏ.ஐ. போடுறதை நீங்க பார்த்தீங்களா? எப்படி இருக்கு?"

"நல்லாதான் சார் இருக்கு. என்னோடதைவிட ஃபினிஷிங் நல்லா இருக்கு." கொஞ்ச நேரம் வெளியே இருட்டைப் பார்த்தார். "ஆனா இந்தக் கண்ணு நான் வேணும்னே மாத்தினது சார். ஒரிஜினல்ல இப்படி இருக்காது. எங்க பெரியப்பா எம்.ஜி.ஆருக்குக் கண்ணு எழுதுவாருல்ல, கீழ் இமையில ஒரு சின்ன நீலக் கோடு இழுப்பாரு. அதைத்தான் ட்ரை பண்றேன். வர மாட்டேங்குது."

ரயில் நின்றது. பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். "வரேன் சார்" என்றவர், ஷிஃப்ட்டுக்குப் போகும் கூட்டத்தோடு பிளாட்பாரத்தில் நடந்தபடியே மறுபடி அந்த அம்புக்குறியைத் தட்டினார்.